யார் பேசுவது என்று என் போன் கேட்டது, வாக்கர் திரும்பிப் போனது

இந்தத் தடவை இங்கிலாந்திலிருந்து ஸ்ரீரங்கம் போனதில் விமானம், டாக்சி, ஆஸ்பத்திரி எல்லாம் நல்லபடியாக நடந்தன, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது ஒரு வாக்கரைப் பற்றி. அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வரும்போது வாக்கர் தயாராக இருக்க வேண்டும் என்று, முன்னால் சக்கரம் வைத்து மடக்கக்கூடிய ஒன்றாகப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தேன். அன்று காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், மத்தியானம் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது: "டெலிவரிக்கு வந்தோம், வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை." போன் அடிக்கவே இல்லை! அம்மாவோ ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறாள்.

கூரியர் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்த டெலிவரி தம்பி தன் போனை எடுத்துக் காட்டினார், என் நம்பருக்கு அழைத்தது பதிவாகியிருந்தது. "சார், நான் கூப்ட்டேன் சார். ஒரு லேடி இங்கிலீஷ்ல ரெக்கார்டிங் மாதிரி பேசுச்சு. லோன் கம்பெனி போலன்னு கட் பண்ணிட்டேன்" என்றார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. கிளம்புவதற்கு முன்னால் என் போனில் புது அப்டேட் போட்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், போன் நமக்கு மணி அடிப்பதற்கு முன்னால் தானே எடுத்து, நீங்கள் யார், எதற்காக அழைக்கிறீர்கள் என்று கேட்கும். எதிர்முனையில் சொல்லும் பதிலை எழுத்தாகத் திரையில் காட்டிவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடும். ஐபோனில் இது 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-இல் சேர்ந்தது, கூகுளின் பிக்சல் போன்களில் அமெரிக்காவில் 2018-லேயே வந்துவிட்டது. ஐஓஎஸ் 18-க்குப் பிறகு ஒரேயடியாக 26-க்குத் தாவியதையும் கண்ணாடி மாதிரி மின்னும் புதுத் திரையையும்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, இந்த ஒரு வசதிக்காகத்தான் அப்டேட் போட்டேன்.

இங்கிலாந்தில் அது எனக்குப் பெரிய நிம்மதி, அதைச் சொல்லியாக வேண்டும். வேலை நேரத்தில் வரும் விபத்து இழப்பீட்டுக் கும்பல், இன்சுலேஷன் விற்பவர்கள் எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே வைத்துவிடுகிறார்கள். உண்மையான ஆட்கள் பெயரைச் சொல்கிறார்கள், விஷயத்தைச் சொல்கிறார்கள், போன் அடிக்கிறது. பார்சல்காரர் அங்கே கூப்பிடவே மாட்டார். சராசரியாக ஒரு போஸ்ட்கோடுக்குப் பதினைந்து வீடுதான் இருக்கும், கதவு எண்ணைப் பார்த்து வாசலில் வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுவார். அதனால் தெரியாத எண் என்றாலே சந்தேகப்படலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஸ்ரீரங்கத்தில் அது எடுபடுமா? கோயிலைச் சுற்றி மதிலுக்குள் மதிலாக வீதிகள். உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு உண்டு. வடக்கு உத்தர வீதிக்கு எழுதிய பார்சல் வடக்கு சித்திரை வீதியில் சுற்றுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதன் மேல் பழைய நம்பர், புது நம்பர். கவரில் எழுதுவது பாதி முகவரிதான். மீதியை வாயால் சொல்லித்தான் முடிக்க வேண்டும்: ராஜகோபுரத்தைத் தாண்டி நேரே வாங்க, வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் போயிடாதீங்க, தாயார் சன்னதிப் பக்கம் வந்துட்டு ஒரு கூப்பிடு கூப்பிடுங்க. அந்த ஒரு கூப்பிடு இல்லாமல் எங்கள் தெருவில் எதுவும் வந்து சேராது. கேஸ் சிலிண்டர்காரர், தண்ணீர் கேன் போடுபவர், ஏசி மெக்கானிக், பிசியோதெரபி பெண், ஆட்டோக்காரர், எல்லோரும் சொந்த நம்பரிலிருந்துதான் கூப்பிடுவார்கள், அதில் ஒன்றுகூட என் போனில் சேமித்ததாக இருக்காது.

கூப்பிடும் முறையும் வேறு. நம் ஊரில் யாரும் முதலில் பெயரைச் சொல்வதில்லை. "சார், எங்க சார் இருக்கீங்க?" என்றுதான் ஆரம்பிக்கும் பேச்சு. என் போன் இப்படி விசாரித்து வைத்த பழைய அழைப்புகளைத் தோண்டிப் பார்த்தேன், தெரியாதவர்கள் பட்டியலில் தனியாகக் கிடந்தன. சிலிண்டர்காரர் "ஹலோ, ஹலோ, கீழ நிக்கறேன்" என்று தமிழில் சொன்னதை ஆங்கிலமாக எழுதப் பார்த்து, ஒரு அர்த்தமும் இல்லாத நான்கு சொற்களைப் போட்டிருந்தது. வெயிலில் சிலிண்டரோடு நின்ற மனுஷனை ஒரு ரெக்கார்டிங் ஆங்கிலத்தில் விசாரித்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஊரில் இப்படி ஒரு காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தைவிட இங்கேதான் அதிகம் வேண்டும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டும் கும்பலால் எத்தனை பெரியவர்கள் சேமிப்பை இழந்தார்கள்! ஆண்ட்ராய்டு 16-இல் இதற்கு உருப்படியான ஒரு வேலை செய்திருக்கிறார்கள். தெரியாத எண்ணோடு பேசிக்கொண்டிருக்கும்போது, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து புதிதாக ஒரு ஆப்பை ஏற்றவோ, திரையைப் படிக்கவும் இயக்கவும் ஆப்பை விடும் ஆக்சஸிபிலிட்டி அனுமதி கொடுக்கவோ முயன்றால் தடுத்துவிடுகிறது. மோசடிக்காரன் எந்த இடத்தில் கை வைப்பான் என்று தெரிந்து அங்கே போட்ட பூட்டு அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பக்கமும் விளம்பர அழைப்புக்கு 140, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600 என்று எண்களைப் பிரித்திருக்கிறார்கள், அழைப்பவர் பெயரைத் திரையில் காட்டும் ஏற்பாட்டையும் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தார்கள். இதெல்லாம் சரியாக நடந்தால் போன் யாரையும் விசாரிக்க வேண்டியதே பாதி குறையும்.

எங்கள் வீட்டுக்கு போன் வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு பிபி நம்பர்தான், எங்களுக்கு வரும் அழைப்பும் அந்த வீட்டு போனுக்குத்தான் வரும். அந்த வீட்டு அக்கா எடுத்து "யாருங்க பேசறது, என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டு, சுவர் தாண்டிக் குரல் கொடுப்பார். புது அப்டேட் செய்வதும் அதே வேலைதான். ஆனால் அக்கா தமிழில் கேட்டார், குரலை வைத்தே ஆளை எடை போட்டார், அவசரம் என்று தெரிந்தால் ஓடியே வந்தார். தமிழில் கேட்டு, தமிழ்ப் பதிலைத் தமிழிலேயே எழுதிக் காட்டினால் போதும், எங்கள் டெலிவரி தம்பி வைத்துவிட்டுப் போக மாட்டார்.

கூரியர் நிறுவனத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு தடவை கூப்பிட்டு எடுக்காவிட்டால் உடனே "தொடர்பு இல்லை" என்று போட்டுவிட வேண்டுமா? நான்கு வீடு தள்ளி நின்று யாரையாவது கேட்டிருந்தால் அம்மா பெயரைச் சொன்னதுமே வழி காட்டியிருப்பார்கள். அப்புறம் அந்தத் தம்பியே வண்டியில் என் பின்னால் வாக்கரைக் கட்டிக்கொண்டு வந்து, வாசலில் பிரித்துப் பூட்டி, உயரமும் சரிசெய்து கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். இங்கிலாந்தில் எந்த டெலிவரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மாவை நாலு அடி நடக்கவைத்துப் பார்ப்பார்?

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே போன் செட்டிங்கில் போய், தெரியாத அழைப்பை விசாரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஃபிளாட் விற்கிறவர்கள் கூப்பிடத்தான் செய்வார்கள், வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடலாம். திரும்பி ஹீத்ரோவில் இறங்கியதும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.