எரியாமல் மிஞ்சிய படங்களும் ஒரு பழைய போனும்: ஐந்து வருட அனுபவம்

2020 ஊரடங்கில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தொடங்கிய வேலை இது, இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டில் 1983க்கு முந்திய படம் என்று ஒன்றுகூட இல்லை. அந்த ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தபோது அல்பங்களும் சேர்ந்து போய்விட்டன. மிஞ்சியது, அதற்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரருக்குத் தபாலில் அனுப்பிவைத்த பிரதிகள்தான். யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவிடம் ஒரு பிஸ்கட் பேணி நிறைய, லண்டனில் சித்தியிடம் இரண்டு அல்பம். அவற்றை எல்லாம் போனால் பிரதி எடுத்து, திருத்தி, பெயர் போட்டுச் சேர்த்து வருகிறேன். அறுநூறைத் தாண்டிவிட்டது. யாராவது இதே வேலையைத் தொடங்க நினைத்தால் நான் பட்ட பாடு அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2019இல் வாங்கிய 12 மெகாபிக்சல் ஆண்ட்ராய்டு போன், படம் திருத்துகிற ஸ்னாப்சீட் செயலி, ஒரு பழைய மடிக்கணினி, அவ்வளவுதான். நல்ல போன் ஒன்று வாங்கிவிட்டுத் தொடங்கலாம் என்று முதலில் காத்திருந்தேன், அப்புறம் 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறியதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். விட்டதில் நட்டம் இல்லை. 12 மெகாபிக்சல் என்றால் 4000க்கு 3000 புள்ளி. ஆறு அங்குலம் நீளமான படத்தை சட்டகம் நிறைய எடுத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு மேல் வருகிறது, கணக்கில் அது ஸ்கேனரில் வைக்கிற அளவுக்கே நிற்கிறது. லென்ஸின் தரம் அதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனாலும் வீட்டில் பார்க்கவும் அதே அளவில் அச்சடிக்கவும் தாராளமாகப் போதும்.

எடிட்டிங்கைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி வேலை படம் பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது. முதலில் லென்ஸைத் துடையுங்கள். கடற்கரைப் பக்க வீடு என்றால் உப்புக் காற்று கண்ணாடியில் ஒரு மெல்லிய படலமாகவே படிந்துவிடும், விரல் எண்ணெயும் சேர்ந்தால் படம் முழுக்கப் பனி மூடிய மாதிரி வரும். அதைப் பின்னால் எந்தச் செயலியாலும் சரியாக எடுக்க முடியாது. மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி போதும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு யன்னல் பக்கத்து மேசையில், வெயில் நேராக விழாத இடத்தில் படத்தை வைத்து, மேல் லைட்டை அணைத்துவிட்டு எடுக்கிறேன். கமராவில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் படத்தின் விளிம்பு சாய்கிறதா என்று உடனே தெரியும். மிக நெருங்கிப் போகாதீர்கள், நெருங்கினால் உங்கள் கையின் நிழல் விழும், ஓரங்களும் வெளியே வளையும். கொஞ்சம் தள்ளி நின்று, 3 வினாடி டைமர் போட்டு எடுத்தால் கை நடுக்கமும் படத்தில் வராது. முகத்தை வழவழப்பாக்குகிற பியூட்டி மோட் போனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது தெரியாமல் நான் முதல் முப்பது நாற்பது படங்களை எடுத்து, பிறகு பெரியம்மாவின் பேணியை மறுபடி திறக்கவேண்டி வந்தது.

பளபளப்பான கடதாசியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒளி அடிக்கிறதா, அதற்கு கூகுளின் ஃபோட்டோஸ்கேன் இருக்கிறது. 2016இல் வந்த இலவசச் செயலி. முதலில் ஒரு படம் எடுக்கும், பிறகு திரையில் தெரிகிற நான்கு வெள்ளைப் புள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகப் போனை நகர்த்தவேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒளி பட்ட இடத்தை நீக்கிவிடும். ஆனால் நேராக எடுத்த படத்தில் இருக்கிற நுணுக்கம் அதில் குறைகிறது என்பது என் அபிப்பிராயம், அதனால் வேறு வழி இல்லாத படங்களுக்கு மட்டும் பாவிக்கிறேன். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படங்களைப் பிடுங்கவே கூடாது. மேல் படலம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு வைத்து, கண்ணாடியில் எதுவும் பிரதிபலிக்காதபடி போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு எடுங்கள்.

பின்பக்கத்தையும் எடுக்கவேண்டும். இதை நான் முதல் வருடம் செய்யவில்லை. ஸ்டூடியோவின் முத்திரை, திகதி, யாருக்கு அனுப்பியது என்று அப்பம்மா நீல மையில் எழுதியது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. முன்பக்கம் மங்கிப்போன ஒரு படத்தில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்ததே அந்த எழுத்தால்தான்.

சரி, ஸ்னாப்சீட். நிக் சொஃப்ட்வெயார் என்ற கம்பனி 2011இல் ஐபாடுக்குக் கொண்டுவந்தது, அடுத்த வருடமே கூகுள் அந்தக் கம்பனியை வாங்கி ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்துவிட்டது. காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. இந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அது என்னிடம் சந்தா கேட்டதில்லை. என் பழைய போனிலும் இடையில் நிற்காமல் ஓடுகிறது.

எழுபதுகளின் கலர்ப் படங்கள் ஏன் எல்லாம் சிவந்துபோய் இருக்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் கலர்க் கடதாசிகள் பலவற்றில் மூன்று சாயங்களில் சியான் என்கிற நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்குகிறது, அல்பத்தை மூடி வைத்திருந்தாலும் மங்குகிறது. அது போனதும் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. இது விளங்கிய பிறகுதான் என் திருத்தம் சரியாக வரத் தொடங்கியது. முதலில் நிறச் சாயலைச் சரிசெய்கிற வைட் பேலன்ஸில் போய், சொட்டுக் குழாய் மாதிரி இருக்கிற கருவியால் படத்தில் வெள்ளையாக இருந்திருக்கவேண்டிய ஒன்றைத் தொடுகிறேன். எங்கள் படங்களில் யாராவது ஒருவர் வேட்டி கட்டியிருப்பார், அதில் மடிப்பு இல்லாத இடம் நல்ல இடம். பிறகு வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரு கோட்டை வளைத்து மாற்றுகிற கேர்வ்ஸில் சிவப்புக் கோட்டை மட்டும் எடுத்து, இடப்பக்கத்து இருண்ட பகுதியை மெல்லக் கீழே இழுக்கிறேன். தலைமுடி மறுபடி கறுப்பாகும் இடத்தில் நிறுத்தவேண்டும். முழுக்க இயல்பாக வராது, வரவும் தேவையில்லை. கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

கீறல், பூஞ்சணப் புள்ளி, மடிப்பு எல்லாவற்றுக்கும் ஹீலிங், அதாவது தடவிய இடத்தைப் பக்கத்துப் பரப்பை வைத்து நிரப்புகிற கருவி. அதில் தூரிகையின் அளவை மாற்ற இடம் இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கினால் தூரிகை சிறிதாகிவிடும், அதுதான் வழி. நீளமான கீறலை ஒரே இழுப்பில் அழிக்காமல் சிறு சிறு துண்டாகப் போங்கள். சுவர், வானம், சேலையின் வெறும் பரப்பு என்றால் தாராளமாகச் செய்யலாம், முகத்துக்கு மேல் போகிற கீறலை நான் தொடுவதில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஹீலிங் செய்தால் இமை அசைந்துவிடுகிறது. டீடெய்ல்ஸில் இருக்கிற, நுணுக்கங்களை எடுப்பாக்குகிற ஸ்ட்ரக்சரை 10, 15க்கு மேல் ஏற்றினால் தோல் செங்கல் மாதிரி ஆகிவிடும், பழைய படத்தில் அந்தக் கடதாசியின் மணல் மணலான தன்மையும் கூடவே எழும்பும். வியூ எடிட்ஸில் போனால் செய்த ஒவ்வொரு மாற்றமும் அடுக்காக இருக்கும், வேண்டாததை மட்டும் எடுக்கலாம். ஒரு மாற்றத்தை விரலால் தடவிப் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுக்கவும் முடியும். மங்கிய முகத்தை மட்டும் வெளிச்சமாக்க எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது.

குறை என்றால், பல படங்களுக்கு ஒரே திருத்தத்தை மொத்தமாகக் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் திறக்கவேண்டும். கிழிந்து துண்டானவற்றுக்கு இது போதாது. அப்படி இருந்த சிலவற்றை மடிக்கணினியில் கிம்ப் மென்பொருளில், ஒரு இடத்தைப் பிரதி எடுத்து இன்னொரு இடத்தில் பூசுகிற குளோன் கருவியால் செய்தேன். ஒரு படத்துக்கு மூன்று இரவு பிடித்தது.

செயற்கை நுண்ணறிவால் ஒரே அழுத்தில் முகத்தைத் தெளிவாக்குகிறோம் என்கிற செயலிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்மம்மாவின் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை அப்படி ஒன்றில் போட்டேன். அழகாக வந்தது. கண் மின்னியது, பல் வரிசையாக இருந்தது. அம்மாவிடம் காட்டினேன், கன நேரம் பார்த்துவிட்டு "இது ஆரடி?" என்று கேட்டார். அந்தச் செயலி படத்தில் இல்லாத விவரத்தை வேறு ஆயிரம் முகங்களில் கற்றதை வைத்து நிரப்புகிறது, அது அம்மம்மாவின் கண் இல்லை. எங்களிடம் அவருடைய முகம் இருப்பதே இரண்டு படத்தில். மங்கலாக இருந்தாலும் அவருடையதாக இருக்கட்டும் என்று அதை அழித்துவிட்டேன்.

லண்டன் படங்கள் தனிக்கதை. சித்தி ஆசையாக எடுத்து எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார், வந்ததெல்லாம் சுருங்கிப்போய் வந்தது. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதன் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிக்குக் குறைத்துவிடும். 2023இல் எச்.டி. என்று ஒன்று வந்தது, அதுவும் குறைக்கத்தான் செய்கிறது. "சித்தி, படமா அனுப்பாதேங்கோ, அந்தக் கிளிப் மாதிரி இருக்கிறதை அமத்தி டொக்கியுமென்ட் எண்டு போட்டு அனுப்புங்கோ" என்று போனில் சொல்லிக் கொடுத்தேன். "உனக்கு எத்தனை தரம் அனுப்புறது பிள்ளை" என்று சலித்துக்கொண்டாலும் இரண்டு அல்பத்தையும் மறுபடி முதலிலிருந்து எடுத்து அனுப்பினார். அந்தப் பொறுமைக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிரதியைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒரு முறை இழந்தேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாத காலம். மடிக்கணினியின் பற்றரி அதற்கு முன்னரே செத்துவிட்டது, வயரில்தான் ஓடியது. வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் படங்களை மாற்றிக்கொண்டிருந்த நேரம் கரண்ட் போய்விட்டது. மறுபடி வந்தபோது டிஸ்க் திறக்கவில்லை. போனில் அழிக்காமல் வைத்திருந்தவை தப்பின, எண்பது படம் போல மறுபடி எடுக்கவேண்டியதாயிற்று. 1983இல் போனவற்றுக்கு சித்தியிடம் பிரதி இருந்ததுபோல இப்போதும் எங்காவது தூரத்தில் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. இப்போது மடிக்கணினியில் ஒன்று, யூனிட்டி பிளாசா கடைத்தொகுதியில் வாங்கிய புது டிஸ்க்கில் ஒன்று, சித்தி வீட்டு பென் டிரைவில் ஒன்று. கூகுள் ஃபோட்டோஸில் 2021 ஜூன் முதலாம் திகதியிலிருந்து இலவச இடம் 15 ஜி.பி.தான், அதையும் மின்னஞ்சலோடு பங்குபோடவேண்டும் என்பதால் திருத்தி முடித்தவற்றை மட்டும் அங்கே வைக்கிறேன். திருத்தாத மூலப் படத்தை எந்தக் காலத்திலும் அழிக்காதீர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் உங்கள் திருத்தம் உங்களுக்கே பிடிக்காமல் போகும்.

கோப்புப் பெயரை வருடத்தில் தொடங்குங்கள், 1974-06-திருமணம்-03 என்ற மாதிரி. கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். பெயரைத் தமிழிலேயே, போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் எழுதலாம். அப்பா பல வருடத்துக்கு முன் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த உறவினர் பட்டியல் ஒன்று இருந்தது, போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. இணையத்தில் கிடைக்கிற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேடவே முடிந்தது.

இப்போது பெயர் தெரியாத முகங்கள் பதினான்கு மிச்சம். அவற்றைத் தனியாக ஒரு கோப்புறையில் போட்டு, பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் போகும்போது பெரியம்மாவின் முன்னால் ஒவ்வொன்றாக வைத்து, அவர் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவு செய்யப் போகிறேன். அவருக்கு 88 வயது. அடுத்த வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.