ஏற்காடு மலைப்பாதையை பிளெண்டரில் செதுக்கலாமா?

விமான சிமுலேட்டரில் ஒரு சீனரி, அதாவது நிலக்காட்சித் தொகுப்பு, நம்ம ஊருக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான்: அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் மலை சரியாக இருக்கும், உயரமும் சரியாக இருக்கும். பாதை மட்டும் சரிவில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய ஒரு சீனரியிலும் (பெயர் வேண்டாம்) இதே கதை.

காரணம் எளிது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவு ஆனாலும் சரி, பிறகு வந்த ஐரோப்பாவின் கோபர்நிக்கஸ் தரவு ஆனாலும் சரி, இலவசத் தரவில் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய பாதை அந்த வலையில் எங்கே சிக்கும்? கையால்தான் வெட்டியாக வேண்டும். அதற்கு நான் பிடித்திருக்கும் கருவி பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ஸ்கல்ப்ட் மோடு, அதாவது களிமண் போலச் செதுக்கும் வசதி. விலை ஒன்றுமில்லை. சர்வே வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

இது பொம்மையும் முகமும் செய்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி. நிலத்துக்கு அப்படியே எடுத்தால் வம்பு. முதலில் எக்ஸ் சமச்சீரை அணையுங்கள். இல்லாவிட்டால் கருப்பூர் மேக்னசைட் சுரங்கத்தை இந்தப் பக்கம் தோண்ட, அந்தப் பக்கமும் இலவசமாக ஒரு சுரங்கம் கிடைக்கும். அடுத்து எக்ஸ், ஒய் அச்சுகளைப் பூட்டிவிட்டு மேல்கீழான இசட்டை மட்டும் விடுங்கள். கடைசியில் இது உயரப்படமாக (ஒவ்வொரு புள்ளியிலும் நிலத்தின் உயரத்தைச் சேமிக்கும் படம்) வெளியே போக வேண்டும், அதில் ஒரு இடத்துக்கு ஒரு உயரம்தான். குடைந்து உள்ளே போகிற பாறையை அது ஏற்காது.

இனி வளைவு. சமப்படுத்தும் ஃப்ளாட்டன் பிரஷ்ஷை நேராக இழுத்தால் சரிவின் சாய்வையே தளமாக எடுத்துக்கொள்ளும், சாலை சாய்ந்தபடியே நிற்கும். ஸ்கல்ப்ட் பிளேன் என்ற இடத்தில் இசட்டைத் தேர்ந்தால்தான் படுக்கையாக வெட்டும். அதற்காக ஒரே இழுப்பில் வளைவு முழுக்கப் போகக் கூடாது, ஏற்றமே காணாமல் போய்விடும். சின்னச் சின்னத் தீற்றலாக ஏறி, இடையிடையே ஷிஃப்டை அழுத்தி லேசாக வழவழப்பாக்க வேண்டும். மலைப்பக்கம் சுரண்டும் ஸ்கிரேப் பிரஷ்ஷால் வெட்டு முகம், பள்ளப்பக்கம் தடுப்புச் சுவர் நிற்கும் விளிம்பு. இந்த இரண்டும் அமைந்தால் காலை வெயில் சாய்வாக விழும்போது அது ஏற்காடு ரோடுதான் என்று கண் ஒப்புக்கொள்ளும். அழுத்தம் உணரும் பேனா டேப்லெட் இருந்தால் நல்லது. மவுஸில் இந்த வேலை தண்டனை.

மலை முழுவதையும் செதுக்கப் போகாதீர்கள். 10 கிலோமீட்டர் சதுரத்தை 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுத்தாலே 40 லட்சம் புள்ளி. நான் 3 கிலோமீட்டர் சதுரம், 3 மீட்டர் இடைவெளி என்று எடுக்கிறேன், 10 லட்சத்தில் முடிகிறது. ஓரங்களை மாஸ்க் போட்டுப் பூட்டினால் பக்கத்து நிலத்தோடு படி விழாமல் சேரும். ஏரிக்கரையில் மட்டும் கூடுதல் வேலை உண்டு. இந்த உயரத் தரவு மரங்களின் உச்சியையும் சேர்த்து அளந்தது; காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் எல்லாம் அங்கே மண்மேடாக நிற்கும். கிளியூர் அருவி இதில் தேறாது. 300 அடிப் பாறையைச் செங்குத்தாக்கினால் மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படம் அதன் மேல் கோடுகோடாக இழுபடும். பாறையைத் தனி 3டி பொருளாகச் செய்து நிறுத்துவதே வழி.

வெளியே எடுப்பதுதான் பெரிய தலைவலி. 8 பிட் படமாகச் சேமித்தால் 256 படிதான். அடிவாரத்திலிருந்து சேர்வராயன் கோயில் வரையிலான 1,300 மீட்டரில் படிக்கு 5 மீட்டர், மலை படிக்கட்டாகிவிடும். 16 பிட்டுக்குக் குறையாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் பிளெண்டருக்குத் தானாகத் தெரியாது. மூலைகளின் யுடிஎம் எண்களை (மீட்டரில் இடம் குறிக்கும் வரைபட முறை) குறித்துவைத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மீண்டும் பொருத்தி, இடக்குறிப்போடு கூடிய ஜியோடிஃப் படமாக்கி, சீனரி செய்யும் ஆர்த்தோ4எக்ஸ்பி மென்பொருளிடம் கொடுத்தால் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்கு டைல் (ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி நிலத்துண்டு) தயார். அதில் கர்வேச்சர் டாலரன்ஸ் என்ற எண்ணைக் குறைக்க மறந்தால் செதுக்கியதெல்லாம் பெரிய முக்கோணங்களில் கரைந்துவிடும். சேலமும் ஏற்காடும் கொல்லிமலையும் ஒரே டைலில் வருகின்றன. மேட்டூர் வராது, 78 டிகிரிக் கோடு குறுக்கே வெட்டுகிறது, யுடிஎம் மண்டலமும் அங்கேயே மாறுகிறது.

செஸ்னா என்ற சிறு விமானத்தில் தாழப் பறந்து வளைவு எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பாடு தகும். ஏடிஆர் பயணிகள் விமானத்தில் வந்து சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் இறங்கிப் போகிறவர்கள் ஆர்த்தோ4எக்ஸ்பியில் சாலைகளைச் சமன்செய்யும் ரோடு லெவல் எண்ணை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், அந்த உயரத்துக்கு அது போதும்.