நன்னீர் ஆமைப் புதைபடிவ வார்ப்புத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

தொல்லுயிரியல் பயிற்றுவிப்போருக்காக ரெசினில் வார்த்து விற்கப்படும் நன்னீர் ஆமைப் புதைபடிவங்களின் தொகுப்பு ஒன்றை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். வார்ப்பு வேலை நான் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருக்கிறது; உடன் வரும் பெயரட்டைகள் அந்தத் தரத்துக்கு எட்டவில்லை. சிற்றினங்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன என்பதைக் கற்கவே பலரும் இதை வாங்குவார்கள் என்பதால், இந்த வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆமையோட்டில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு. எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பல் பல்லாக நெளிந்து செல்லும் பொருத்துக்கோடு ஒன்று. எலும்பின் மேல் போர்த்தியிருந்த செதில்களின் விளிம்பு பதிந்து உண்டான, வழவழப்பான பள்ளக்கோடு மற்றொன்று. இவை பெரும்பாலும் ஒன்றின் மீது ஒன்று அமைவதில்லை. எந்தச் செதில் எந்த எலும்பின் மீது எவ்வளவு தூரம் படர்ந்திருந்தது என்பதை வைத்தே வகைப்பாட்டின் பெரும்பகுதி நடக்கிறது. மலிவான வார்ப்புகளில் இரண்டும் ஒரே மாதிரியான கீறலாகவே தெரியும். இத்தொகுப்பிலோ விளக்கைச் சாய்வாகப் பிடித்தாலே பொருத்துக்கோட்டின் பற்கள் நிழலிட்டு எழுந்து நிற்கின்றன; பள்ளக்கோடு அவற்றைக் குறுக்கே கடந்து செல்வது தெளிவாகத் தெரிகிறது. மாணவர்கள் விரலால் தடவியே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது, கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் பிரிவைச் சேர்ந்த ஆமை ஒன்றின் வயிற்றோட்டுப் பின்பகுதி. இப்பிரிவில் இடுப்பெலும்பு மேலோட்டுடனும் வயிற்றோட்டுடனும் ஒட்டி இணைந்திருக்கும். கழுத்தை நேராக உள்ளிழுக்கும் பிரிவில் அப்படி இணைவதில்லை. ஆகவே எலும்பின் உட்புறத்தில் உள்ள இணைப்புத் தழும்பு ஒன்றே, தலையும் கழுத்தும் கிடைக்காத நிலையிலும், ஆமை எந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்தது என்று காட்டிவிடும். பின்புறத்தைத் தட்டையாக நிரப்பிவிடாமல் இரு பக்கங்களையும் வார்த்திருப்பதற்காகவே தயாரிப்பாளரைப் பாராட்டலாம்.

குறை மென்னோட்டு ஆமைத் துண்டில் தொடங்குகிறது. குழிகளும் மேடுகளும் நிறைந்த அந்த விலாத்தகட்டின் (விலா எலும்போடு சேர்ந்த மேலோட்டுத் தகட்டின்) வார்ப்பு அருமையானது. ஆனால் அட்டையில் ட்ரையோனிக்ஸ் என்ற பேரினப் பெயரும் அதனுடன் ஒரு சிற்றினப் பெயரும் ஐயமின்றி அச்சிடப்பட்டுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்த மென்னோட்டுப் புதைபடிவங்களில் பெரும்பாலானவை இந்தப் பேரினத்தில்தான் போடப்பட்டன; அவற்றில் பல, சிறு துண்டுகளை மட்டும் நம்பிச் சூட்டப்பட்டதால், இன்று ஐயத்துக்குரிய பெயர்களாக ஒதுக்கப்பட்டுள்ளன. மேற்பரப்பின் குழிக்கோலம் வயதுக்கு ஏற்பவும், ஓட்டில் இருந்த இடத்துக்கு ஏற்பவும் மாறக்கூடியது. இத்தகைய தனித் துண்டுக்குக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி நிறுத்துவதே நேர்மை. அட்டையைப் பார்க்கும் மாணவர், துண்டைக் கண்டவுடன் சிற்றினத்தைச் சொல்லிவிட முடியும் என்று நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு ஒரு பாடவேளை வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் இதே பெட்டியில் இருப்பது நல்வாய்ப்பு. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜோசப் லெய்டி 1856இல் பெயரிட்ட காம்ப்செமிஸ் விக்டா என்னும் வட அமெரிக்க ஆமையின் ஓடு, நெருக்கமாகப் பதித்த சிறு மணிகள் போன்ற புடைப்புகளால் மூடப்பட்டது. நகத்தளவு துண்டு கிடைத்தாலும் அடையாளம் காண முடியும். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு தகவலைத் தருவதில்லை என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்து விளக்குவது மிக எளிது. தொகுப்புடன் வரும் கையேடு அதைச் செய்யத் தவறியிருக்கிறது.

ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த, ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகள் பழைமையான அல்லயோகெலிஸ் கிராசெஸ்கல்ப்டா என்னும் ஆமையின் முழு வார்ப்பு நசுங்கிய நிலையையும் அப்படியே காட்டுகிறது. இச்சிற்றினத்தில் ஆண் ஆமைகள் பெண் ஆமைகளைவிடச் சிறியவை, ஆண்களின் வால் நீளமானது. அங்கே புணர்ச்சி நிலையில் இறந்த இணைகள் கிடைத்ததை 2012இல் வெளியான ஆய்வு விவரித்தது. அளவு வேறுபாட்டை மட்டும் கொண்டு இரு சிற்றினங்கள் எனப் பிரிக்கும் அவசரத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி கிடையாது. அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இளம் ஆமையின் ஓடு எதுவும் சேர்க்கப்படாதது எனக்கு ஏமாற்றமே. விலாத்தகடுகளுக்கும் விளிம்பெலும்புகளுக்கும் இடையே இளமையில் இருக்கும் திறப்புகள் பல இனங்களில் வளர வளர மூடிக்கொள்கின்றன. இதை அறியாதவர் வயது வேறுபாட்டை இன வேறுபாடாகக் கொள்ளக்கூடும். வார்ப்புகளுக்காக இத்தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம். அட்டைகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு துண்டும் எந்த நிலைவரை அடையாளம் தருகிறது என்பதை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.