தனியுரிமைப் பணியை யாரிடம் ஒப்படைப்பது: தணிக்கை நிறுவனமா, வழக்கறிஞரா?

நிறுவனத்தின் வருடாந்திரக் கணக்கு அறிக்கையில் கையெழுத்திட்ட கையோடு, "உங்கள் வாடிக்கையாளர் தரவின் தனியுரிமையையும் நாங்களே பார்த்துத் தருகிறோம்" என்கிறார் ஆடிட்டர். நிதித்துறைத் தலைவருக்கு நிம்மதி. பல வருடம் பழகிய மனிதர். தொழில்நுட்பத் தலைவருக்கோ முகம் சுருங்குகிறது: "பேரேடு பார்ப்பவருக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும்?" இருவருமே அவசரப்படுகிறார்கள்.

கணக்காளர்கள் தனியுரிமைத் துறைக்கு நேற்று வந்தவர்கள் இல்லை. அமெரிக்க, கனடா கணக்காளர் அமைப்புகள் 1997-லேயே இணைய வணிகத் தளங்களுக்காக வெப்டிரஸ்ட் என்ற நம்பகச் சான்று முத்திரையைக் கொண்டுவந்தன. இன்று மென்பொருள் நிறுவனங்களிடம் எல்லோரும் கேட்கும் எஸ்ஓசி 2 அறிக்கையில் (வாடிக்கையாளர் தரவை ஒரு நிறுவனம் எப்படிக் காக்கிறது என்ற தணிக்கை அறிக்கை) கையெழுத்திடும் உரிமையும் சிபிஏ எனப்படும் அமெரிக்க உரிமம் பெற்ற கணக்காளர் நிறுவனங்களுக்கே. ஆனால் அந்த அறிக்கையில் பாதுகாப்புப் பிரிவு மட்டுமே கட்டாயம். தனியுரிமைப் பிரிவைச் சேர்க்காமலும் வாங்கலாம். அட்டையைப் பார்த்து நம்பிவிடுகிறவர்கள் ஏராளம்.

கணக்காளரின் பலம் அவர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. விலகிய வாடிக்கையாளரின் தரவை அழித்துவிடுகிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. வழக்கறிஞர் அதன் கொள்கை ஆவணத்தை வரிவரியாகச் சட்டத்தோடு ஒப்பிடுவார். தணிக்கையாளர், "ஆறு மாதமாக வந்த அழிப்புக் கோரிக்கைகளின் பட்டியலைக் கொடுங்கள்" என்பார். அதிலிருந்து இருபத்தைந்தைத் தாமே பொறுக்குவார். கோரிக்கை வந்த நாள், அழித்த நாள், அழித்தவர் பெயர் என ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்பார். கடைசியாக, "பேக்கப் பிரதியிலும் அழிந்துவிட்டதா?" என்பார். அங்கேதான் பலர் திணறுகிறார்கள். இந்தப் பிடிவாதத்துக்காகவே கணக்காளர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு.

தரவு கசிந்துவிட்டால் நிலைமை வேறு. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விஷயம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது மனம்விட்டுப் பேச வழக்கறிஞரே வேண்டும். அவருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான சட்ட ஆலோசனைக்கு ரகசியக் காப்பு உண்டு. அந்தக் காப்பு கணக்காளரின் ஆலோசனைக்கு நீளாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2013-ல் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கறிஞரிடமும் அது முழுக் கவசம் ஆகாது: கேப்பிடல் ஒன் வங்கியின் தரவுக் கசிவு வழக்கில், சட்ட நிறுவனம் வழியாகப் பெற்ற தொழில்நுட்ப விசாரணை அறிக்கையையே எதிர்த்தரப்பிடம் கொடுக்கச் சொன்னது அமெரிக்க நீதிமன்றம்.

சிறு தனியுரிமை ஆலோசகர்கள் பொறியாளர்களோடு உட்கார்ந்து, எந்தத் தரவு எங்கே போகிறது என்று வரைபடம் போடுவதில் கெட்டிக்காரர்கள். பெரிய நிறுவனங்களிடம் அவர்கள் கையெழுத்து எடுபடாது என்பதுதான் குறை.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம், பின்னர் கணக்கு மோசடி அம்பலமாகித் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிடம் 2000-ம் ஆண்டில் தணிக்கைக்கு இரண்டரைக் கோடி டாலரும், ஆலோசனை முதலான பிற பணிகளுக்கு அதைவிட அதிகமாகவும் வாங்கியது. தணிக்கையாளர் தாம் தணிக்கை செய்யும் நிறுவனத்துக்கு என்னென்ன வேலை செய்யக் கூடாது என்று 2002-ல் அமெரிக்கா சட்டம் போட்டது இந்த அனுபவத்தால்தான். தனியுரிமையிலும் ஏற்பாட்டை வடிவமைத்தவரே அதற்குச் சான்றும் தருவதை நான் ஏற்க மாட்டேன். ஆலோசகரும் வழக்கறிஞரும் கட்டட்டும், கணக்காளர் சோதிக்கட்டும். ஒப்பந்தத்துக்கு முன், பட்டியலோடு உட்காரப்போகும் ஊழியர் யார், இதுவரை எத்தனை தரவுத்தளங்களைச் சோதித்திருக்கிறார் என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் பேச வந்த தணிக்கை நிறுவனப் பங்குதாரர் பெரும்பாலும் அந்த மேசைக்கு வர மாட்டார்.