உபுண்டுவோடு வருவதா, நமக்குப் பிடித்ததா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் யாராவது பழைய லேப்டாப்போடு வந்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான உபுண்டுவைப் போட்டுத் தரச் சொன்னால் (நம் தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் தொடங்கியது, அந்தப் பெருமை வேறு) எனக்குக் கை துறுதுறுக்கும், அதோடு வரும் மென்பொருள்களை விட்டுவிட்டு எனக்குப் பிடித்ததையெல்லாம் ஏற்றிவிடுவேன். அப்படித்தான் தம்பி மகனுக்கு விம் என்ற எடிட்டரை (விசைக் கட்டளைகளாலேயே இயக்கி எழுதும் மென்பொருள்) பழக்கப் பார்த்தேன். எஸ்கேப், கோலன், க்யூ, என்டர் என்று தட்டினால்தான் வெளியே வர முடியும் என்று தெரியாமல் பையன் மிஷினையே அணைத்துவிட்டு, "பெரியப்பா, இதை எப்படி மூடுறது?" என்று போன் செய்தான்.

உபுண்டுவோடு கூடவே வரும் எடிட்டரில் மூடுவதற்கு மூலையில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். சிக்கல் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் திரையிலும் அதுவே இருக்கும், கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கூடவே வருவதை மட்டும் அப்படியே நம்பவும் முடியாது. உபுண்டுவின் 23.10 பதிப்பு முதல் சாதாரணமாக நிறுவினால், கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரே ஆபீஸ் வராது, விரிவான நிறுவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் விசைப்பலகையையும் செட்டிங்ஸில் நாமேதான் சேர்க்க வேண்டும்.

சரி, நான் இப்போது முதல் மாதத்துக்கு உபுண்டுவோடு வந்ததையே அப்படியே வைத்துவிடுகிறேன். விண்டோஸிலேயே விஎல்சி (வீடியோ பார்க்க), கிம்ப் (படங்களைத் திருத்த) என்று பழகியவர்களுக்கு மட்டும் அவற்றையே போட்டுக் கொடுக்கிறேன். விம்மை யாராவது கேட்டால் பார்க்கலாம், இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.