பட்டறையில் ஓடும் அனிமே: இன்னும் முடியாத சில தொடர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ராத்திரி பத்து, பதினொன்று வரை வேலை ஓடும். முன்பெல்லாம் எஃப்.எம். பாட்டு. சில வருடங்களாக என் மேஜையில் போன் ஸ்டாண்டு, அதில் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள். கையில் வேலை, காதில் கதை, கண் பாதி நேரம் தீயின் மேல். இப்படி வருடக்கணக்கில் பார்த்து வந்தால் ஒரு தொடரின் முதல் வாரத்தில் தெரியாத குணமெல்லாம் மெல்ல வெளியே வரும். சண்டைக் காட்சி எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் மூன்றாவது மாதத்தில் மறந்துவிடுகிறது. அன்று சும்மா போகிற போக்கில் காட்டிய ஒரு விஷயத்தை இரண்டு வருடம் கழித்து எடுத்துக் கதையில் கோக்கிறார்களா என்பதுதான் எனக்கு இப்போது முக்கியம். எங்கள் அம்மா காலத்தில் வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்டு போட்டு வைத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

முதலில் டப்பிங். ஜப்பானியக் குரலில்தான் பார்க்க வேண்டும் என்று சண்டை போடுகிறவர்களுக்கு என் பதில்: பற்றாசு (வெள்ளியை ஒட்டவைக்க உருக்கும் உலோகக் கலவை) ஓடும் நேரத்தில் யாரும் சப்டைட்டில் படிக்க முடியாது. சோலோ லெவலிங், ஜுஜுட்ஸு கைசென் மாதிரித் தொடர்கள் தமிழில் கிடைக்கத் தொடங்கியபோது பட்டறையில் மற்ற பையன்களும் ஒட்டிக்கொண்டார்கள். குறை இருக்கிறது. பள்ளிக்கூடப் பையன்கூட மேடைப் பேச்சுக்காரன் போலக் கத்துகிறான், எல்லாரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கிறார்கள். ஆனாலும் கேட்க முடிகிறது. தமிழ் இல்லாத தொடர்களை ராத்திரி வீட்டுக்குப் போய் டிவியில் போட்டுக்கொள்கிறேன்.

ஒன் பீஸ். 1999 அக்டோபரில் தொடங்கியது, ஆயிரத்து நூறு எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நாயகனான கடற்கொள்ளைக்காரப் பையன் லூஃபிக்கு அன்றிலிருந்து இன்றுவரை ஒரே குரல், மயூமி தனாகா. 1955-இல் பிறந்த அம்மா. எழுபது வயதைத் தாண்டியும் அந்தப் பையன் சிரிப்பைச் சிரிக்கிறார். இதைச் சொன்னால் பட்டறையில் யாரும் நம்புவதில்லை.

இந்தத் தொடரின் வியாதி ஊருக்கே தெரியும். மூலக்கதையான மங்கா, அதாவது காமிக்ஸ், வாரத்துக்கு ஓர் அத்தியாயம், அனிமே வாரத்துக்கு ஓர் எபிசோடு. அனிமே மங்காவை முட்டிவிடக் கூடாதே என்று இழுத்துக்கொண்டே வந்தார்கள். டிரெஸ்ரோசா பகுதி மங்காவில் சுமார் நூறு அத்தியாயம், அனிமேயில் 118 எபிசோடு. ஓர் எபிசோடுக்கு ஓர் அத்தியாயம்கூடத் தேறவில்லை. போன வாரத்துக் கதை, பாட்டு, ஒருவன் கை ஓங்குகிறான், சுற்றி நிற்கும் பத்துப் பேர் வாயைப் பிளக்கிறார்கள், தொடரும். கொலுசு வேலைக்கு இதைவிட வசதியான தொடர் கிடையாது என்பது வேறு விஷயம். ஐந்து நிமிஷம் குனிந்து வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தாலும் லூஃபி அதே குத்தைத்தான் ஓங்கிக்கொண்டிருப்பான்.

அப்படியும் ஏன் விடவில்லை? லபூன் என்ற திமிங்கிலத்துக்காக. அறுபதாவது எபிசோடு வாக்கில் ஒரு பெரிய திமிங்கிலம் மலையில் தலையை மோதிக்கொண்டு யாரோ திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கிறது. லூஃபி அதன் தலையில் கோணல்மாணலாக ஒரு கொடியை வரைந்து வைத்துவிட்டுப் போகிறான். சிரித்துவிட்டு நாமும் மறந்துவிடுகிறோம். முந்நூறு எபிசோடு தாண்டி ஓர் எலும்புக்கூடு பாட்டுக்காரன் வருகிறான், ப்ரூக். அந்தத் திமிங்கிலம் யாருக்காகக் காத்திருக்கிறது என்று அப்போது தெரிகிறது. தானே எழுதியதை இத்தனை வருடம் மறக்காமல் வைத்திருந்து வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் கதாசிரியனுக்கு டிரெஸ்ரோசாவையும் மன்னிக்கலாம்.

வானோ பகுதியிலிருந்து படமே மாறிவிட்டது. கோடு தடித்தது, நிறம் கூடியது. 2023 ஆகஸ்டில் வந்த 1071-ஆவது எபிசோடில் லூஃபி வெள்ளை முடியோடு ரப்பர் பொம்மையாகத் துள்ளியபோது நானே வேலையை நிறுத்திவிட்டேன். பிறகு 2024 அக்டோபரில் ஓர் ஆறு மாத நிறுத்தம். இப்போது 2026-லிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடுதான் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல முடிவு. பதினைந்து வருடம் முன்னால் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

அதற்கு நேர் எதிர் ஸ்பை ஃபேமிலி. ஒற்றன் அப்பா, கூலிக்குக் கொலை செய்யும் அம்மா, மனசைப் படிக்கும் குழந்தை ஆன்யா. ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரியாது, குழந்தைக்கு மட்டும் எல்லாம் தெரியும். என் அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, இன்னிக்கு ஆன்யா இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க இதுதான் என் முதல் சிபாரிசு. ஆனால் 2022-லிருந்து பார்க்கிறேன், கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆன்யா எட்டு நட்சத்திரம் வாங்க வேண்டும், அப்போதுதான் அப்பாவின் வேலை முடியும். நட்சத்திரம் வாங்குவதைத் தவிர எல்லாம் செய்கிறாள். மூன்றாவது சீசனில் அப்பா லாய்டின் சிறுவயதுப் போர்க்காலத்தைக் காட்டினார்கள், பள்ளிப் பேருந்தைக் கடத்தும் பகுதியும் வந்தது. இரண்டும் கனமானவை. இவர்களால் முடியும், செய்யத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

இனி என் செல்லத் தொடருக்கு வருகிறேன். தி அப்போதெக்கரி டயரீஸ். 2023 அக்டோபரில் தொடங்கியது, இதுவரை இரண்டு சீசன், ஒவ்வொன்றும் 24 எபிசோடு. பழைய சீனா மாதிரி ஒரு கற்பனை நாடு, அரசனின் அந்தப்புரம், அதில் விஷம் சுவைத்துப் பார்க்கும் வேலைக்கு வரும் மாவ்மாவ் என்ற மருந்துக்காரப் பெண். விஷம் என்றால் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அழகன் ஜின்ஷி பக்கத்தில் வந்தால் புழுவைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். முதல் எபிசோடிலேயே அரண்மனைக் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று கண்டுபிடித்துவிடுகிறாள்: தாய்மார் முகத்தில் பூசும் வெள்ளைப் பொடியில் ஈயம். அதே மாதிரித் தேனையும் ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமாகக் கொண்டுவருவார்கள். கைக்குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதை இந்த எபிசோடு பார்த்துத்தான் என் மனைவி அவள் அத்தையிடம் அடித்துப் பேசினாள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது முதல் சீசனின் 16-ஆவது எபிசோடு. உலோகக் கைவினைஞர் ஒருவர் தொழில் ரகசியத்தை வாயால் சொல்லாமலே செத்துப்போகிறார். மூன்று மகன்களுக்கு மூன்று சொத்து: ஒருவனுக்குப் பட்டறை வீடு, ஒருவனுக்கு இழுப்பறைப் பெட்டி, ஒருவனுக்குக் கண்ணாடி மீன்தொட்டி. சன்னல் வெயில் அந்தத் தொட்டி வழியாகக் குவிந்து பெட்டியின் பூட்டுத் துளையில் விழுகிறது, உள்ளே அடைத்திருந்த உலோகம் உருகுகிறது. பெட்டிக்குள் இருப்பது சில உலோகக் கட்டிகள். சரியான அளவில் கலந்தால் தனித்தனியாக உருகும் சூட்டைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவை. அதாவது பற்றாசு. அதுதான் அப்பன் விட்டுப்போன ரகசியம்.

இதைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தொழிலே இதன் மேல்தான் நிற்கிறது. சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். நூறு பங்கில் 28 பங்கு செம்பாக இருந்தால் 780-க்கே இறங்கிவிடும். கொலுசின் கண்ணி சேரும் இடத்தில் வெண்காரத்தைத் தொட்டு வைத்து, பற்றாசுத் துணுக்கை ஏற்றி, தீயைக் காட்ட வேண்டும். வெண்காரம் முதலில் பொங்கும், அப்புறம் படிந்து மினுமினுக்கும். அந்த நொடியில் பற்றாசு ஓடி இடுக்கில் இறங்கும். அதற்கு மேல் ஒரு மூச்சு தாமதித்தால் கண்ணியே சுருண்டு உருண்டையாகிவிடும். எந்தக் கலவை எவ்வளவு என்பதை எங்கள் தாத்தா காலத்தில் பெரியவர்கள் பங்காளிக்குக்கூடச் சொல்ல மாட்டார்களாம்.

அது தனிக்கதை என்றுதான் நினைத்தேன். மூன்று எபிசோடு கழித்து ஒரு சடங்கு மண்டபம். மேலே தொங்கவிட்ட தூண் ஒன்று ஜின்ஷியின் தலைக்கு நேராக விழுகிறது. கட்டியிருந்த இணைப்பு சூட்டில் இளகிவிட்டது. இறந்துபோன கைவினைஞரின் கலவை அது. அதற்கு முன்னால் தனித்தனி வழக்காக வந்த கிடங்குத் தீ, ஓர் அதிகாரியின் சாவு எல்லாம் இந்த ஒரே சதியின் துண்டுகள். மாவ்மாவ் ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணிக் கோத்துப் பார்த்துவிட்டு ஓடுகிறாள் பாருங்கள், நானும் எழுந்து நின்றுவிட்டேன். ஒன் பீஸ் முந்நூறு எபிசோடில் செய்ததை இவர்கள் மூன்றில் செய்கிறார்கள்.

எல்லாமே இந்தத் தரம் இல்லை. இரண்டாவது சீசனின் நடுவில் கொஞ்சம் தொய்வு, பெயர்கள் குழப்பும். நீல ரோஜா எபிசோடில் வெள்ளை ரோஜாவைக் காலம் தப்பிப் பூக்கவைத்து நிறத் தண்ணீரை உறிஞ்சவைப்பாள். மே மாதம் ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போனபோது அக்கா மகளுக்கு அதைச் செய்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்றாவது சீசன் 2026 அக்டோபரில் என்றிருக்கிறார்கள்.

ஏற்காடு என்றதும் ஃப்ரீரென். அதைப் பட்டறையில் போடுவதே இல்லை. பேச்சு குறைவு, காதுக்கு வேலை கிடையாது, கண் வேண்டும். மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது டவுன்லோடு செய்து எடுத்துப் போவேன். பனி இறங்கிவிட்டால் அங்கே நெட் படுத்துவிடும். இன்னொன்று: பஸ்ஸில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த மந்திரக்காரி ஃப்ரீரென். அவளோடு பத்து வருடம் பயணம் செய்த வீரன் ஹிம்மல் கிழவனாகிச் செத்தபிறகுதான், அவனைத் தெரிந்துகொள்ளவே இல்லையே என்று அழுகிறாள். கதை அங்கேதான் தொடங்குகிறது. திரையில் வருடம்கூட "ஹிம்மல் இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்" என்றுதான் வரும். வாழ்நாளெல்லாம் அவன் போகிற போக்கில் செய்த சின்னச் சின்னக் காரியங்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு இப்போது உறைக்கின்றன. நான் தேடும் அந்தக் குணத்தையே முழுக்கதையாக்கி வைத்திருக்கிறார்கள். குறை, மந்திரவாதிகளுக்கான பரீட்சைப் பகுதி. திடீரென்று ஒரு வகுப்பறை நிறையப் புது ஆள்கள். அந்த சீசன் 2024 மார்ச்சில் முடிந்தது, அடுத்தது வந்தது 2026 ஜனவரியில். டென்கென், ஊபெல், லாண்ட் என்று யார் யார் என்பதைத் திரும்பப் பார்த்துத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டேன். மற்ற தொடர் என்றால் இந்த இடைவெளிக்குத் திட்டுவேன்.

டான்டடான் ஒரே ரகளை. பேயை நம்பும் பெண் மோமோ, வேற்றுக்கிரகவாசியை நம்பும் பையன், இரண்டும் உண்மையாகிவிடுகிறது. டர்போ பாட்டி என்று ஒரு பேய்க்கிழவி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் துரத்துகிறாள். முதல் எபிசோடில் அந்தப் பெண்ணைக் கடத்திக் கட்டிவைக்கும் காட்சி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போடாதீர்கள். ஆனால் ஏழாவது எபிசோடு வேறு தரம். மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் எப்படிப் பேயானாள் என்று வசனமே அதிகம் இல்லாமல் காட்டுவார்கள். நம் பக்கம் அப்படி அநியாயமாகச் செத்தவளுக்குக் கோயில் கட்டிப் பொங்கல் வைத்துவிடுவோம். அந்தப் பேய்மேல் இவர்கள் காட்டும் மரியாதை எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. முதல் சீசனை வெந்நீர்க் குளத்தில் மோமோ மாட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டி, ஆறு மாதத்துக்கு மேல் காக்கவைத்தார்கள். அது தொடரும் இல்லை, அடாவடி.

சோலோ லெவலிங்: தமிழில் கேட்கச் சுகம், இசை பிரமாதம், கதாநாயகன் ஜெயிப்பான் என்று போஸ்டரிலேயே தெரிந்துவிடும். போதும்.

டீமன் ஸ்லேயர் டிவியை விட்டுத் தியேட்டருக்குப் போய்விட்டது. இன்ஃபினிட்டி கேசில் மூன்று படங்களில் முதலாவது. 2025 செப்டம்பர் 12 அன்று தமிழிலும் வந்தது. பட்டறைப் பையன்களோடு போனேன். ரஜினி பட அளவுக்கு விசில். சண்டையின் உச்சத்தில் வில்லன் அகாசாவின் பழைய கதை ஆரம்பித்து நீண்டுகொண்டே போக, பின்வரிசையில் ஒருவர், "தம்பி, அடிச்சு முடிச்சிட்டு அழுங்கப்பா" என்றார். டிவியில் வாரம் ஒன்றாக வந்திருந்தால் அந்த ஃப்ளாஷ்பேக் தனி எபிசோடாக நின்றிருக்கும். இரண்டரை மணி நேரத்துக்குள் திணித்ததில் சண்டையும் அறுந்தது, அழுகையும் அறுந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் போன வாரம், "ண்ணா, ஒன் பீஸ் இனிமே ஆரம்பிக்கலாமா, இல்ல லேட்டா?" என்று கேட்டான். ஆரம்பிடா என்றேன். ஆர்லாங் பார்க் பகுதி 44-ஆவது எபிசோடில் முடியும், அதுவரை பார்த்தும் லூஃபியின் கூட்டாளி நாமிக்காக மனசு இளகவில்லை என்றால் தைரியமாக விட்டுவிடு. பிடித்துவிட்டால் டிரெஸ்ரோசா வரும்போது மட்டும் மங்காவுக்குத் தாவிக்கொள். இப்போது பதினெட்டாவது எபிசோடில் இருக்கிறான், பாட்டு வரும்போது தாண்டிவிடச் சொன்னால் கேட்பதில்லை.