சேர்வராயன் மலையில் மூன்று நாள் நடை: தண்ணீரைச் சுமப்பதா, வழியில் எடுப்பதா?

கூடாரத்தோடு மலையேறக் கிளம்புகிறவர்கள் முதலில் சாப்பாட்டுக்குத்தான் பட்டியல் போடுகிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அது தலைகீழ் வரிசை. தண்ணீர் எங்கே கிடைக்கும், எவ்வளவு சுமக்க முடியும் என்று முடிவானால்தான் அவலா, உப்புமாவா என்று பேச முடியும்.

முழுத் தண்ணீரையும் சுமப்பது முதல் வழி. ஏறி நடக்கிற ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர் வேண்டும். மூன்று நாளுக்குப் பத்து லிட்டர், அதாவது பத்து கிலோ. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இடையிலுள்ள ஏற்றத்தில் அந்தப் பத்து கிலோவே கூடுதலாக வியர்க்க வைத்து, கூடுதலாகக் குடிக்கவும் வைக்கும். ஓர் இரவுப் பயணத்துக்குச் சரி. அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழியில் எடுத்துச் சுத்தம் செய்வது அடுத்தது. கிருமிகளைப் பொறுத்தவரை கொதிக்க வைப்பதுதான் நம்பகமானது. ஏற்காடு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலேதான் மூன்று நிமிடம். கேஸ் செலவாகும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். குளோரின் மாத்திரைக்கு எடையே இல்லை. ஆனால் அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும், கலங்கல் தண்ணீரில் வீரியம் குறையும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்குச் சாகாது. நுண்குழாய் ஃபில்டர் உடனே தண்ணீர் தரும். அதன் 0.1 மைக்ரான் துளைகள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடித்துவிடும், வைரஸ் மட்டும் தப்பிவிடும். ஆடு மாடும் ஆள் நடமாட்டமும் உள்ள மலை இது. ஆகவே ஃபில்டரோடு மாத்திரையும் வேண்டும், இல்லையென்றால் கொதிக்க வைத்துவிடலாம்.

ஆனால் இந்த மூன்றுமே தோட்டத்து மருந்தை நீக்காது. இது 1820-களிலிருந்து காப்பி விளைகிற மலை. காப்பிச் செடிக்குத் துருநோய் வராமல் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கலவை தெளிப்பார்கள், வேறு மருந்துகளும் உண்டு. அறுவடை சமயத்தில் பழம் உரித்த கழுவுநீர் வேறு ஓடையில் சேர வாய்ப்புண்டு. புளித்த வாடை அடித்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். எஸ்டேட்டுக்குக் கீழே ஓடும் ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நான் அதில் பாட்டில் நிரப்ப மாட்டேன். கோடையில் இன்னொரு சிக்கல். கிளியூர் அருவியே வற்றிப்போகும் மாதங்களில் சின்ன ஓடைகளை நம்பி நடக்க முடியாது.

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: ஊர் விட்டு ஊர் போகும் அளவுக்குச் சுமப்பது. நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை என்று மலை முழுக்க ஊர்கள் இருக்கின்றன. ஊர்க்குழாயிலோ அடிகுழாயிலோ கேட்டு மூன்று, நான்கு லிட்டர் நிரப்பி, அதையும் சுத்தம் செய்துகொண்டு, அடுத்த ஊர்வரை போகலாம். எந்தத் தண்ணீரை எதற்குப் புழங்குகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தயங்காமல் கேளுங்கள்.

இனி சாப்பாடு. கட்டுச்சோறு முதல் நாள் மதியத்துக்கு அருமை. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு அன்று முழுக்கத் தாங்கும், தேங்காய் சேர்ந்தது தாங்காது. ஆனால் சோற்றின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100 கிராம் வெறுஞ்சோற்றில் 130 கலோரிதான் கிடைக்கும். அதே எடை அவலில் 350, வேர்க்கடலையில் 560-க்கும் மேல்.

இதனால்தான் அடுப்பில்லாத உலர் உணவு எடைக் கணக்கில் ஜெயிக்கிறது. ஒரு நாளைக்கு அவல் 250 கிராம், வேர்க்கடலை 150, பொட்டுக்கடலை 100, வெல்லம் 100 என்று சேர்த்தால் 600 கிராமில் சுமார் 2,450 கலோரி. மூன்று நாளுக்கு இரண்டு கிலோகூட ஆகாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். குறையும் உண்டு. கடலை தொண்டையை வறட்டும், இரண்டாம் நாள் இரவு சூடாக எதையாவது சாப்பிட மனம் ஏங்கும்.

அந்த ஏக்கத்துக்குச் சமையல் வேண்டுமென்றால், வறுத்து எடுத்துப்போன ரவைதான் சிறந்தது. ஒரு கப்புக்கு இரண்டரை கப் தண்ணீர், சில நிமிடத்தில் உப்புமா தயார். அரிசி பொங்குவதற்குக் கேஸும் நேரமும் அதிகம், பாத்திரம் கழுவத் தனியாகத் தண்ணீர் வேண்டும். ஜவ்வரிசி நம் சேலத்துப் பெருமைதான், ஆனால் ஊறவும் வேகவும் தண்ணீர் கேட்கும், கிடைப்பது வெறும் மாவுச்சத்து. அது வீட்டிலேயே இருக்கட்டும்.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு தங்குங்கள். பிப்ரவரி முதல் மே வரை சருகு காய்ந்து கிடக்கும்போது கேஸ் அடுப்பும் வேண்டாம், முழுக்க உலர் உணவோடு போங்கள், தண்ணீருக்கு ஃபில்டரும் மாத்திரையும் போதும். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் பகலுக்கு அவலும் கடலையும், இரவுக்கு ஊர்த் தண்ணீரில் கிண்டிய உப்புமாவும் என்று பிரித்துக்கொள்வேன்.

எந்தப் பருவமானாலும், வயிற்றுப்போக்கு வந்தால் கலந்து குடிக்க ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் சில பையில் இருக்கட்டும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது.